கைநீள இடைவெளி

1

என் பெறாமகள் ஒஸ்லோவில் ஆரம்பப் பாடசாலை ஆசிரியையாவதற்குப் படிக்கிறாள். இந்நாட்டில் அதற்கு ஐந்து வருடப் படிப்பு. 2017ம் ஆண்டிலிருந்து அது முதுமாணிப் பட்டமாகவே நடத்தப்படுகிறது. படிப்பின் இடையிடையே பாடசாலைகளுக்குப் போய்ப் பழகவேண்டும். இம்முறை அவளுக்குக் கிடைத்தது குரோருட் பகுதியில் ஒரு பாடசாலை. முதல் வாரம் கற்பிக்கக்கூடாது, பார்க்கமட்டும் வேண்டும். நான்காம் வகுப்பின் உடற்பயிற்சிப் பாடம் ஒன்றை ஓரமாக நின்று பார்த்து எழுதிவரும்படி பணித்திருந்தார்கள். பாடசாலையின் பெயரையோ பிள்ளைகளின் பெயரையோ அவள் எனக்குச் சொல்லவில்லை. சொல்லாதிருப்பது அவளது தொழிற்கடமை. நானும் கேட்கவில்லை.

நான் குரோருட்டில் குடியிருப்பவன். பாண் தொழிற்சாலையில் வேலை. அதற்கு முன்னர் ஊரில் ஆசிரியர் பயிற்சி நிறுவனம் ஒன்றில் எட்டு வருடங்கள் கல்வி வரலாறு கற்பித்தேன். பயிலுனர்களின் கற்பித்தலை மேற்பார்வை செய்யப் பாடசாலை பாடசாலையாகச் சைக்கிளில் திரிந்திருக்கிறேன். 2007ல் அங்கிருந்து வெளியேறினேன். இவற்றையெல்லாம் அறிந்தபடியால் பாடம் பார்க்கப் போவதற்கு முதல்நாள் மாலை அவள் என்னிடம் வந்தாள்.

“சித்தப்பா, நீங்கள் எத்தினை பேரின்ரை பாடம் பாத்திருப்பியள். என்னத்தைப் பாக்கவேணும் எண்டு சொல்லுங்கோ.”

பதினைந்து வருடங்களுக்கு மேலாக என்னிடம் எவரும் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. மின்சாரக் கட்டணம் வந்த கடித உறையின் பின்புறத்தில், மனப்பாடமாக இருந்த எங்கள் மேற்பார்வைப் படிவத்தை வரிசையாக எழுதிக் கொடுத்தேன். கட்டளையின் தெளிவு, வரிசை ஒழுங்கு, சீருடை, உபகரணங்களின் பயன்பாடு, நேரப் பங்கீடு, வகுப்புக் கட்டுப்பாடு. அவள் அதை இரண்டுதரம் வாசித்தாள். பிறகு கேட்டாள்: “இதிலை பிள்ளை எங்கை நிக்குது, சித்தப்பா?”

அன்றிரவு வேலைக்குப் போகவேண்டியிருந்ததால் மறுமொழி சொல்லாமல் எழும்பிவிட்டேன். இக்கட்டுரை அந்த மறுமொழிதான்.

2

யாழ்ப்பாணத்தில் பாடசாலைக்குப் போன எவரையும் நித்திரையிலிருந்து எழுப்பி வரிசையில் நிற்கச் சொன்னால், கையை முன்னே நீட்டி, முன்னால் நிற்பவரின் தோளுக்கும் தன் விரல் நுனிக்கும் இடையிலான தூரத்தைச் சரிபார்த்துக்கொள்வார். பிறகு பக்கவாட்டில் நீட்டி அடுத்த வரிசைக்கான இடைவெளியை எடுப்பார். இந்தக் கைநீள இடைவெளியை நமக்கு யார் அளந்து தந்தார்கள்?

ஐரோப்பாவில் பாடசாலை உடற்பயிற்சி பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் தொடங்குகிறது. ஜேர்மனியில் குற்ஸ்மூத்ஸ் என்ற ஆசிரியர் 1793ல் இளைஞர்களுக்கான உடற்பயிற்சி பற்றி நூல் எழுதினார். டென்மார்க்கில் ஃபிரான்ஸ் நாஹ்தகால் 1799ல் கொப்பன்ஹேகனில் ஒரு பயிற்சிக்கூடம் தொடங்கினார். 1814ன் டென்மார்க் பாடசாலைச் சட்டத்தில் ஆண்பிள்ளைகளுக்கான உடற்பயிற்சி இடம்பெற்றது. ஆனால் உலகெங்கும் பரவியது சுவீடனில் உருவான முறைதான். 1809ல் சுவீடன் ரஷ்யாவிடம் பின்லாந்தைப் பறிகொடுத்தது. தோற்ற தேசத்தின் உடம்பை மீளக் கட்டவேண்டும் என்ற ஏக்கத்தின் நடுவில் பேர் ஹென்றிக் லிங் என்பவர் 1813ல் ஸ்ரொக்ஹோமில் அரச மத்திய உடற்பயிற்சி நிறுவனத்தைத் தொடங்கினார். லிங் ஒரு கவிஞர், வாட்பயிற்சி ஆசானுங்கூட. தோல்வியுற்ற தேசம், கவிஞர், வாள் என்ற இந்தச் சேர்க்கை நமக்குப் பழக்கமில்லாத ஒன்றல்ல.

லிங் தன் முறையை நான்காகப் பிரித்தார்: கல்விக்குரியது, இராணுவத்துக்குரியது, மருத்துவத்துக்குரியது, அழகியலுக்குரியது. இவற்றுள் பாடசாலைக்குள் புகுந்த பகுதி, கட்டளைக்கு அசையும் உடம்பைப் பற்றியது. ஒவ்வோர் அசைவுக்கும் தொடக்கம், போக்கு, முடிவு உண்டு. ஆசிரியரின் வாய்ச்சொல்லுக்கு அனைவரும் ஒருசேர அசைவர். இதன் பெரிய கவர்ச்சி மலிவு. ஒரு முற்றமும் ஒரு குரலும் இருந்தால் நூறு பிள்ளைகளையும் அசைக்கலாம். ஒருவர் கை இன்னொருவரின் கண்ணில் படாதிருக்க இடைவெளி மட்டும் வேண்டும்.

அன்று சுவீடனின் மன்னருக்குக் கீழ் இருந்த நோர்வேயில், 1870ல் கிறிஸ்தியானியாவில், அதாவது இன்றைய ஒஸ்லோவில், இராணுவத்துக்கும் பாடசாலைகளுக்கும் பயிற்றுநர்களை உருவாக்கும் மத்திய உடற்பயிற்சிப் பாடசாலை தொடங்கப்பட்டது. 1968ல் உருவான இன்றைய நோர்வே விளையாட்டு உயர்கல்லூரியின் வேர் அதுதான். அதே 1870ல்தான் இந்நகரில் மே 17ம் திகதிச் சிறுவர் ஊர்வலமும் தொடங்கியது. தொடக்கத்தில் அதிலே பெண்பிள்ளைகளுக்கு இடமிருக்கவில்லை. 1889ல்தான் அவர்கள் சேர்க்கப்பட்டனர். இன்றைக்கும் அந்த ஊர்வலத்தில் ஆயுதமில்லை, கால் ஒத்து நடப்பதுமில்லை. ஐஸ்பழம் தின்றபடி பிள்ளைகள் கலைந்து நடக்கிறார்கள். ஒரே ஆண்டில் ஒரே நகரில் பிறந்த இரண்டு வரிசைகள் இவை. ஒன்று கட்டளைக்கு அசைந்தது, மற்றது தன்பாட்டில் நடந்தது.

இங்கிலாந்துக்கு லிங்கின் முறையைக் கொண்டுபோனவர்களுள் முக்கியமானவர் மார்ட்டினா பேர்க்மன் ஊஸ்டர்பேர்க் என்ற சுவீடன் பெண். 1881ல் இலண்டன் பாடசாலைச் சபையில் பணியேற்று, 1885ல் பெண்களுக்கான தனிப் பயிற்சிக் கல்லூரி ஒன்றையும் நிறுவினார். ஆனால் முறையைப் பேரரசு முழுவதும் தள்ளிச் சென்றது போர்தான். 1899 முதல் 1902 வரை தென்னாபிரிக்காவில் நடந்த போயர் யுத்தத்துக்கு ஆள் திரட்டியபோது தொழிலாளர் வர்க்கத்து இளைஞர்கள் பெருந்தொகையினர் உடற்தகுதியற்றவர்களாகத் தள்ளப்பட்டனர். அதிர்ந்துபோன அரசு, 1902ல் யுத்த அலுவலகத்தின் துணையோடு பாடசாலைகளுக்கு ஒரு மாதிரிப் பாடநெறியை வெளியிட்டது. அது அப்பட்டமான இராணுவப் பயிற்சி என்று கண்டனம் எழவே, 1904லும் 1909லும் புதிய பாடத்திட்டங்கள் வந்தன. அவை மெல்லமெல்லச் சுவீடன் முறைக்கு மாறின. 1919லும் 1933லும் மேலும் திருத்தப்பட்டன. அந்நூல்கள் பிரித்தானிய ஆட்சிக்குட்பட்ட நாடுகளின் பாடசாலைகளிலும் புழங்கின.

நமது பக்கத்தில் இன்னொரு வாய்க்காலும் இருந்தது. ஹரி குரோ பக் என்ற அமெரிக்கர் 1920ல் சென்னையில் வை.எம்.சீ.ஏ. உடற்கல்விப் பாடசாலையைத் தொடங்கினார். விளையாட்டை முன்வைத்த அமெரிக்க மரபு அவருடையது. இலங்கையிலிருந்தும் அங்கு போய்ப் படித்து வந்தவர்கள் உண்டு. ஆகவே நமது ‘டிறில் மாஸ்ரர்’ என்ற மனிதருக்குள் ஸ்ரொக்ஹோமின் கட்டளையும், யுத்த அலுவலகத்தின் சார்ஜன்ரும், சென்னையின் விளையாட்டு மைதானமும் சேர்ந்தே இருந்தன. பாடத்துக்கு நாம் வைத்த பெயர்களே அந்த வரலாற்றைச் சொல்லும்: டிறில், பீ.ரீ., தேகாப்பியாசம், உடற்பயிற்சி, உடற்கல்வி. பெயர் நான்குதரம் மாறியது. கைநீள இடைவெளி மாறவில்லை.

3

சுவரோரமாக நின்று பாடம் பார்ப்பவர் எங்கிருந்து வந்தார் என்பதையும் சொல்லவேண்டும். இந்தக் கதை நமக்கு இன்னும் கிட்டியது. 1789ல் சென்னை எழும்பூரில் படையினரின் அநாதைப் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியைப் பொறுப்பேற்றவர் அன்ட்ரூ பெல் என்ற ஸ்கொட்லாந்து மதகுரு. உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு, முன்னே படித்த பிள்ளையைக் கொண்டு பின்னே படிக்கும் பிள்ளைக்குக் கற்பிக்கும் முறையை வகுத்து, 1797ல் அதை நூலாக்கினார். நம் திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளையை அறிந்தவர்களுக்கு இது அதிசயமாக இராது. சென்னை முறை என்ற பெயரோடு அது இங்கிலாந்துக்குப் போனது. ஜோசப் லங்காஸ்டரும் தம் போக்கில் இதையொத்த ஒரு முறையை வளர்த்தார். அவர்களுடைய பள்ளிகளில் எழுதுபலகையைத் தூக்குவதும் இறக்குவதும்கூடச் சைகைக்கும் கட்டளைக்கும்தான்.

1846ல் இங்கிலாந்து இம்முறையைத் திருத்தி, மூத்த மாணவரைச் சம்பளத்தோடு பயிலும் ஆசிரியராக்கும் திட்டத்தைக் கொண்டுவந்தது. பயிலுபவர் ஒருவர் இருந்தால் அவரைச் சோதிப்பவர் ஒருவரும் வேண்டும். பயிற்சிக் கலாசாலைகளும், அவற்றோடு ஒட்டிய மாதிரிப் பாடசாலைகளும், மாதிரிப் பாடமும், விமர்சனப் பாடமும் இப்படி வந்தவையே. நன்கொடைப் பணத்துக்குக் கணக்குக் கேட்கும் பரிசோதகரின் கண்தான் பயிலுனரை மேற்பார்க்கும் விரிவுரையாளரின் கண்ணாயிற்று. பரிசோதகர் பார்த்தது ஆசிரியர் கொடுத்த சம்பளத்துக்கு வேலை செய்கிறாரா என்பதை. பிள்ளை அங்கே ஆசிரியரின் வேலைக்குச் சாட்சி மட்டும். நான் கடித உறையில் எழுதிய ஆறு தலைப்புகளும் அந்தப் பரம்பரைச் சொத்து.

4

இறக்குமதியான எல்லாவற்றையும் நமது சமூகம் ஏற்றுக்கொள்ளவில்லை. எதை ஏற்றது, ஏன் ஏற்றது என்பதே வரலாற்று மாணவன் கேட்கவேண்டிய கேள்வி.

ஊரிலே பிள்ளைகளுக்கு உடம்பை ஆள்வதற்கு வேறு வழிகள் இருந்தன. கிளித்தட்டு, சடுகுடு, கிட்டிப்புள், பேணிப்பந்து, கெந்தித் தொட்டு. இவற்றில் கட்டளை இடுபவர் இல்லை. விதி உண்டு, அதைப் பற்றிய சண்டையும் உண்டு. முக்கியமாக, கிளித்தட்டிலும் சடுகுடுவிலும் ஒருவரையொருவர் தொடாமல் ஆட்டம் இல்லை. தொடுவதும் தொடாமல் தப்புவதுமே ஆட்டம்.

இனி யாழ்ப்பாணத்துப் பாடசாலையின் இன்னொரு வரலாற்றை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் வாங்கிலே மற்றவர்களோடு சமமாக இருக்கலாமா, நிலத்திலேதான் இருக்கவேண்டுமா என்பது அங்கே பெரும் போராட்டமாயிருந்தது. 1929ம் ஆண்டளவில் அரச நன்கொடை பெறும் பாடசாலைகளில் சம ஆசனம் வேண்டும் என்று விதிக்கப்பட்டபோது எதிர்ப்பு மனுக்கள் போயின. சில பாடசாலைகள் எரிக்கப்பட்டன. வாங்கைப் பகிர்வதற்கே பாடசாலையை எரித்த ஒரு சமூகத்தில் உடற்பயிற்சிப் பாடம் எப்படி நடந்திருக்கும்?

கைநீள இடைவெளியில் நடந்திருக்கும் என்பது என் கருத்து. இதை ஆவணம் கொண்டு நிறுவுவதாக நான் சொல்லவில்லை. ஒரு வாசிப்பாகவே முன்வைக்கிறேன். கிளித்தட்டில் யார் யாரைத் தொடுகிறார் என்பதை யாராலும் கட்டுப்படுத்த முடியாது. வரிசையில் நிற்கும் பிள்ளையை ஒருவரும் தொடவேண்டியதில்லை. லிங் மற்றவரின் கண்ணில் கை படாதிருக்க வைத்த இடைவெளி, நமக்கு மற்றவரின் உடம்பில் உடம்பு படாதிருக்கவும் வசதியாயிருந்தது. வெள்ளைக்காரனிடமிருந்து வாங்கிய வரிசையை அவன் போனபின்னும் நாம் இவ்வளவு இறுக்கமாகப் பிடித்துக்கொண்டதற்கு ஒழுக்கம் என்பது மட்டும் காரணமாயிருக்க முடியாது.

5

நோர்வேக்கு வந்த முதல் வருடங்களில் மொழி வகுப்பில் ஒரு பாடம் படித்தோம். நான் எட்டு வருடம் கல்வி வரலாறு கற்பித்தவன். அந்தப் பாடத்தில் இருந்த விடயத்தை அதற்குமுன் கேள்விப்பட்டதுகூட இல்லை என்பதை வெட்கத்தோடு சொல்கிறேன்.

1942 பெப்ரவரியில், ஜேர்மன் ஆக்கிரமிப்பின் கீழ், க்விஸ்லிங்கின் அரசு இரண்டு சட்டங்களைக் கொண்டுவந்தது. ஒன்றின்படி எல்லா ஆசிரியரும் அரசின் புதிய ஆசிரியர் சங்கத்தில் கட்டாயம் சேரவேண்டும். மற்றதன்படி பத்து வயது முதல் பதினெட்டு வயது வரையான பிள்ளைகள் எல்லாரும் கட்சியின் இளைஞர் சேவையில் சேரவேண்டும். ஆசிரியர்களிற் பெரும்பாலோர் தங்கள் மனச்சாட்சிக்கு இது ஒவ்வாது என்று, சொல்லுக்குச் சொல் ஒரேமாதிரியான கடிதத்தைத் தனித்தனியே எழுதி அனுப்பினர். பெற்றோரிடமிருந்தும் கடிதங்கள் குவிந்தன. மார்ச் மாதத்தில் சுமார் 1,100 ஆண் ஆசிரியர்கள் கைதுசெய்யப்பட்டனர். அவர்களில் பல நூறு பேர் லில்லெஹாமருக்கு அருகிலுள்ள யோர்ஸ்தாத்மூன் முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டனர்.

அங்கே அவர்களைப் பணிய வைப்பதற்குக் கையாண்ட கருவிகளில் ஒன்று உடற்பயிற்சி. கைகளை முதுகில் வைத்துக்கொண்டு பனியிலும் சேற்றிலும் வயிற்றால் ஊரவேண்டும், எழும்பவேண்டும், விழவேண்டும், ஓடவேண்டும். எல்லாம் கட்டளைக்கு. நோர்வேஜியர் இதற்கு வைத்த பெயர் சித்திரவதை ஜிம்னாஸ்ரிக். பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி அசைத்துப் பழகிய நடுவயது ஆசிரியர்கள், அதே கட்டளைகளுக்குத் தாங்கள் ஊர்ந்தார்கள். அப்படியும் மிகச் சிலரே பணிந்தனர். ஏப்ரலில் ஏறத்தாழ 500 பேரை சியெர்ஸ்தாட் என்ற சிறிய கப்பலில் துரொண்ட்ஹைமிலிருந்து அடைத்து ஏற்றி, வடக்கெல்லையிலுள்ள சிர்க்கெனெஸுக்கு அனுப்பினர். அங்கே ஜேர்மன் படைக்குக் கூலிவேலை. நவம்பர் முடிவதற்குள் அவர்கள் வீடு திரும்பினர். ஆசிரியர் சங்கமும் இளைஞர் சேவையும் அரசு நினைத்த வடிவில் நடைமுறைக்கு வரவில்லை.

விளையாட்டு வீரர்களும் சும்மா இருக்கவில்லை. 1940 இலையுதிர்காலத்தில் விளையாட்டு அமைப்புகளை அரசு கையகப்படுத்தியதும், 1945 வரை பெரும்பாலான வீரர்கள் உத்தியோகபூர்வப் போட்டிகளைப் பகிஷ்கரித்தனர். காட்டுக்குள் மறைவாகப் போட்டி நடத்தினர். 1924லேயே தொழிலாளர்கள் தமக்கென்று தனியாக விளையாட்டுச் சம்மேளனம் அமைத்த நாடு இது. உடம்பு யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி இங்கே ஏற்கெனவே கேட்கப்பட்டிருந்தது.

இதை வாசித்தபோது எனக்குள் எழுந்த கேள்வியை இவ்விதழின் வாசகர்கள் ஊகிப்பார்கள். நம் பிள்ளைகளின் உடம்பைப் பலர் கேட்டார்கள். 1989ல் தமிழ்த் தேசிய இராணுவத்துக்கென்று பதின்வயதுப் பிள்ளைகள் வீதியிலே பிடிக்கப்பட்டனர். பின்னர் விடுதலைப் புலிகள் சிறுவர்களைப் படையில் சேர்த்ததை யுனிசெவ் வருடாவருடம் பதிவு செய்தது. யுத்தம் முடிந்தபின், 2011ல், பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானவர்களை அரசு தலைமைத்துவப் பயிற்சி என்று இராணுவ முகாம்களுக்கு அழைத்தது. கேட்டவர்கள் வேறு வேறு. வரிசை ஒன்றுதான். அந்த வரிசையில் எப்படி நிற்பது என்பதைப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே கற்றுக்கொடுத்து வைத்திருந்தவர்கள் நாங்கள், ஆசிரியர்கள்.

இங்கே அவசரப்பட்டு நியாயம் தீர்க்கவும் கூடாது. நோர்வே ஆசிரியர்களுக்கு ஒரு எதிரி. பின்னால் பெற்றோர், திருச்சபை, தொழிற்சங்க மரபு எல்லாம் இருந்தன. நம் ஆசிரியர்கள் எல்லாத் திசையிலும் துவக்கு இருந்த இடத்தில் நின்றார்கள். பிள்ளையைத் தேடி முகாம் வாசலில் போய் நின்ற அதிபர்களும் இருந்தார்கள். ஆனால் தொழிலாக ஒன்றுகூடி, ‘பத்து வயதுப் பிள்ளை எங்கள் பொறுப்பு, தரமாட்டோம்’ என்று ஒரு வரிக் கடிதம் நாம் எழுதவில்லை. எழுதியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். எழுதவேண்டும் என்ற நினைப்பே வராததற்குப் பயத்தை மட்டும் காரணம் சொல்ல என்னால் இயலவில்லை.

6

என் காரணத்தைச் சொல்கிறேன்.

2006ம் ஆண்டு, ஓகஸ்டில் பாதை பூட்டப்பட்டு யுத்தம் திரும்பவும் மூண்டிருந்த காலம். வலிகாமத்தில் ஒரு பாடசாலைக்கு, ஒரு பயிலுனரின் உடற்பயிற்சிப் பாடத்தைப் பார்த்துப் புள்ளியிடப் போனேன். வேப்பமரத்தின் கீழே எனக்கு ஒரு கதிரை போட்டிருந்தார்கள். முப்பத்தெட்டுப் பிள்ளைகள், நான்கு வரிசைகள். அந்தப் பெண் கொஞ்சம் பதறினாலும் குரல் தெளிவாயிருந்தது. கைநீள இடைவெளி எடுத்தார்கள். நான் படிவத்தில் முதலாவது தலைப்புக்கு நல்ல புள்ளி போட்டேன்.

பத்து நிமிடம் போயிருக்கும். பலாலிப் பக்கமிருந்து எறிகணைகள் புறப்படும் சத்தம் கேட்டது. யாரும் கட்டளையிடவில்லை. முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் ஒரே கணத்தில் குப்புற விழுந்து, தலையைக் கைகளால் மூடிக்கொண்டார்கள். என் வாழ்நாளில் அவ்வளவு ஒருசேர அசைந்த வகுப்பை நான் பார்த்ததில்லை. நானும் கதிரையை விட்டு விழுந்துகிடந்தேன்.

போவது எங்கள் பக்கம் அல்ல என்று தெரிந்தபின் பிள்ளைகள் எழும்பினார்கள். அந்தப் பெண் அவர்களைத் திரும்ப வரிசைக்கு அழைக்கவில்லை. எல்லாரையும் வேப்பமரத்தைச் சுற்றி வட்டமாக நிற்கவைத்து, பக்கத்திலிருப்பவரின் கையைப் பிடிக்கச் சொன்னாள். கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்கள். பிறகு யாரோ ஒரு பிள்ளை சிரித்தது. கையை விடாமல் சுற்றி ஓடத் தொடங்கினார்கள். மணி அடிக்கும்வரை ஓடினார்கள்.

நான் படிவத்தில் எழுதினேன்: வரிசை ஒழுங்கு பேணப்படவில்லை, திட்டமிட்ட பாடம் நிறைவு செய்யப்படவில்லை. குறைந்த சித்திப் புள்ளி. அவள் வாசித்துவிட்டுக் கையொப்பமிட்டாள். ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: “சேர், ஷெல் அடிச்சதை எழுதமாட்டியளோ?”

“படிவத்திலை அதுக்கு இடமில்லைப் பிள்ளை” என்றேன்.

கோபத்தோடு சொல்லவில்லை. அன்பாகத்தான் சொன்னேன். உண்மையும் அதுதான், படிவத்தில் இடம் இருக்கவில்லை. நான் கொடியவனல்ல. நான் பயிற்றப்பட்டவன். எனக்கு முன்னால் அன்றைக்கு அவள் செய்ததைப்போல நல்ல பாடம் ஒன்று நான் பார்த்ததில்லை என்பது, பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்குத் தெரியவில்லை. மனச்சாட்சிக் கடிதம் எழுதும் எண்ணம் எங்களுக்கு ஏன் வரவில்லை என்று என்னைக் கேட்டால், இந்தக் கதிரையைத்தான் காட்டுவேன். பிள்ளையைப் பார்ப்பது எங்கள் வேலை என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நாங்களும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை.

7

பெறாமகள் பாடம் பார்த்துவிட்டு வந்த அன்று எனக்கு ஓய்வுநாள். கொப்பியைக் கொண்டுவந்து குசினி மேசையில் விரித்தாள். என் ஆறு தலைப்புகள் அதில் இல்லை. உடற்பயிற்சி மண்டபத்தின் படத்தைக் கீறி, பிள்ளைகள் ஓடிய வழிகளைக் கோடுகளாகப் போட்டிருந்தாள். ஓரங்களில் மணியும் நிமிடமும்.

மண்டபத்துச் சுவரில் மரச்சட்டங்கள் ஏணிபோல் வரிசையாகப் பொருத்தியிருக்கின்றன. ரிப்பவெக் என்று சொல்கிறார்கள். நத்தாருக்குத் தின்னும் பன்றி விலாவுக்கும் ரிப்ப என்றுதான் பெயர். லிங்கின் முறையோடு உலகமெல்லாம் பரவிய சட்டங்கள் அவை. சட்டங்கள் இருக்கின்றன, கட்டளைகள் போய்விட்டன. 1974ன் பாடத்திட்டத்தில் பாடத்தின் பெயர் ஜிம்னாஸ்ரிக் அல்ல, குறொப்ஸ்ஓவிங், அதாவது உடம்பின் பயில்வு. 2020ல் நடைமுறைக்கு வந்த இன்றைய பாடத்திட்டம் அசைவின் மகிழ்ச்சியைப் பற்றிப் பேசுகிறது. ஏழாம் வகுப்பு வரைக்கும் புள்ளி கிடையாது. அதற்குப்பின் புள்ளியிடும்போதும் பிள்ளையின் முயற்சி கணக்கிலெடுக்கப்படும். நான்காம் வகுப்பு முடியும்போது பிள்ளை 200 மீற்றர் நீந்தவேண்டும். மூன்று பக்கமும் கடல் கொண்ட குடாநாட்டில் பிறந்த எனக்கு இன்றைக்கும் நீந்தத் தெரியாது.

ஆசிரியர் பிள்ளைகளை நடு வட்டத்தில் நிலத்தில் இருத்தி, தானும் இருந்து, இன்றைக்கு என்ன செய்யப்போகிறோம் என்று பேசினாராம். பிறகு ‘விறைத்த சூனியக்காரி’ என்று ஒரு விளையாட்டு. இந்நாட்டுப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரிந்தது. துரத்துபவர் தொட்டால் தொடப்பட்ட பிள்ளை கால்களை அகட்டி, கைகளை விரித்து விறைத்து நிற்கவேண்டும். இன்னொரு பிள்ளை வந்து அதன் கால்களுக்கிடையே ஊர்ந்து போனால் விடுதலை. எனக்குக் கிளித்தட்டு நினைவுக்கு வந்தது. இதுவல்லவோ பாடம் என்று மனம் துள்ளியது.

அவள் கொப்பியில் ஒரு இடத்தில் சிவப்பு வட்டம் போட்டிருந்தாள். வட்டத்துக்குப் போகிற கோடு ஒன்று உண்டு, வட்டத்திலிருந்து வெளியே போகிற கோடு இல்லை. 10.12 முதல் 10.18 வரை. ஒரு பையன் தொடக்கத்திலேயே தொடப்பட்டான். கைகளை விரித்தபடி ஆறு நிமிடம் நின்றான். அவனைச் சுற்றி எல்லாரும் ஓடினார்கள், ஒருவரையொருவர் விடுவித்தார்கள், சிரித்தார்கள். அவனுடைய விரித்த கைக்குள்ளே யாரும் வரவில்லை. அவன் அழவுமில்லை, கூப்பிடவுமில்லை. விதிப்படி நின்றான். விசில் ஊதியது. விளையாட்டு முடிந்தது. ஆசிரியர் நல்லவர், சுறுசுறுப்பானவர். இருபத்தைந்து பிள்ளைகளின் ஓட்டத்தில் அவருக்கு அது தெரியவில்லை. ஒன்றும் செய்யாமல் சுவரோரம் நின்றவளுக்குத் தெரிந்தது.

“வெளிநாட்டுப் பிள்ளையோ?” என்று கேட்டேன்.

“அதை நான் சொல்லேலாது. நீங்கள் ஏன் முதலிலை அதைக் கேக்கிறியள்?” என்றாள்.

சரியான கேள்வி. யாரைத் தொடலாம், யாரைத் தொடக்கூடாது என்று கணக்குப் பார்த்த ஊரின் பழக்கம் என் வாயில் இருக்கிறது. நிறமாயிருக்கலாம், உடம்பின் பருமனாயிருக்கலாம், நேற்று நடந்த ஒரு சண்டையாயிருக்கலாம். கட்டளை ஒழிந்த இடத்திலும் கைநீள இடைவெளி ஒழியவில்லை என்பதே அந்தச் சிவப்பு வட்டம் சொல்வது. முன்னே அதை ஆசிரியர் அளந்தார், இப்போது பிள்ளைகளே அளக்கிறார்கள். நோர்வேயைச் சொர்க்கமாகக் காட்டி நம்மை நாமே அடித்துக்கொள்ளும் எழுத்து நம்மிடையே நிறைய உண்டு. இக்கட்டுரையை அதோடு சேர்க்கவேண்டாம்.

வித்தியாசம் வேறொன்றில் இருக்கிறது. பாடம் முடிந்ததும் அவள் தயங்கித் தயங்கி ஆசிரியரிடம் கொப்பியைக் காட்டினாளாம். அவர் பார்த்துவிட்டுக் கொஞ்சநேரம் பேசாமலிருந்து, இதற்காகத்தான் சுவரோரம் ஒருவர் வேண்டியிருக்கிறது என்று நன்றி சொன்னாராம். அடுத்த பாடத்தில் விதியை மாற்றினார். நிற்பவர் எவராயினும் பத்து எண்ணுவதற்குள் விடுவிக்கப்படாவிட்டால் துரத்துபவர் வென்றார். எல்லாருக்கும் எல்லாரையும் தேடவேண்டியதாயிற்று. பையனை நோக்கி மூன்று பேர் ஓடினார்களாம். அதனால் அவனுக்குக் கூட்டாளி கிடைத்துவிட்டான் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கொப்பியில் அதற்கு ஓர் இடம் இருந்தது.

8

தொழிற்சாலையில் எங்கள் பட்டியில் பாண் வந்துகொண்டேயிருக்கும். ஆளுக்கு ஆள் கைநீளத் தூரத்தில் நிற்கிறோம். தோள்மூட்டு வருத்தம் எல்லாருக்கும் உண்டு. அதற்காக ஒரு உடற்சிகிச்சையாளர் வந்து, வேலைக்கிடையில் ஐந்து நிமிடம் செய்யச் சில பயிற்சிகள் காட்டினார். கழுத்தைத் திருப்பு, தோளைச் சுற்று, கையை நீட்டு. லிங்கின் மருத்துவப் பகுதி இருநூறு வருடம் கழித்து என்னிடம் வந்துசேர்ந்திருக்கிறது. முதல்நாள் செய்தபோது நான் என்னையறியாமல் கையை முன்னே நீட்டி, முன்னால் நின்ற சோமாலியப் பெண்ணின் தோளுக்கும் என் விரலுக்கும் இடையே இடைவெளி எடுத்தேன். அவர் திரும்பிப் பார்த்து, ஏதும் வேண்டுமா என்று கேட்டார்.

ஒவ்வொரு கோடையிலும் நம் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகள் மெய்வல்லுநர் போட்டி நடத்துகின்றன. இல்லங்கள், கொடிகள், அணிநடை, அதற்கு ஒரு கேடயம். ஐந்து வயதுப் பிள்ளைகளைக் கால் ஒத்து நடக்கவைக்க ஆறு வாரம் ஒத்திகை நடக்கிறது. பெற்றோர் கண்கலங்கிப் படம் எடுக்கிறார்கள். நானும் எடுத்திருக்கிறேன். அந்தக் கண்ணீரைக் கேலி செய்ய எனக்கு உரிமையில்லை. இழந்த ஊரின் முற்றம் அது. ஆனால் அந்த வரிசை ஊரில் எங்கிருந்து வந்தது, எதற்குப் பயன்பட்டது என்பதை அறிந்தபின்னும் இங்கே பிறந்த பிள்ளைக்கு அதையே நம் பண்பாடு என்று கொடுக்கவேண்டுமா என்று கேட்கிறேன். அணிநடையை நிறுத்திவிட்டு அந்த ஆறு வாரமும் கிளித்தட்டுப் பழக்கலாம். அது முடியாதென்றால், குறைந்தது ஒவ்வொரு ஒத்திகையிலும் ஒருவரைக் கொப்பியோடு ஓரமாக நிறுத்துவோம். வரிசையைப் பார்க்கவல்ல, பிள்ளைகளைப் பார்க்க. மாற்றுக் கருத்துடையோர் எழுதவேண்டும். குறிப்பாகத் தமிழ்ப் பள்ளிகளில் கற்பிப்போர் எழுதவேண்டும்.

2006ல் நான் புள்ளியிட்ட அந்தப் பயிலுனர் இப்போது எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. உயிரோடு இருந்தால் நாற்பதைத் தாண்டியிருப்பார். ஒருவேளை ஏதோவொரு நாட்டில் இவ்விதழை வாசிப்பவராகவும் இருக்கலாம். அவருக்காக இதைப் பதிவு செய்கிறேன்: அன்று காலை ஷெல் அடித்தது. பிள்ளைகள் விழுந்தார்கள். நீங்கள் அவர்களைக் கைபிடிக்க வைத்தீர்கள். பாடம் நிறைவு செய்யப்பட்டது.